பிளட் பவுண்ட்: சாட்சி சொல்ல வந்த கயோட்டி

ஃபோக்ஸ்வாகன் வண்டிகளை மட்டும் ரிப்பேர் பார்க்கிற ஒரு மெக்கானிக். பொண்ணு. பேரு மெர்சிடிஸ். இந்த ஒரு ஜோக்குக்காகத்தான் முதல் புத்தகத்தை வாங்கினேன்னு சொன்னா நம்புவீங்களா மக்கா? சத்தியமா அதுதான் காரணம். அதுக்கப்புறம் ரெண்டாவது புத்தகத்தை வாங்கின காரணம் வேற. அதைச் சொல்லத்தான் இவ்ளோ பெரிய பதிவு.

பேட்ரிஷியா பிரிக்ஸ் எழுதின மெர்சி தாம்ப்ஸன் வரிசையில் முதல் கதை 'மூன் கால்ட்', 2006-ல் வந்தது. அடுத்த வருஷமே, 2007-ல், 'பிளட் பவுண்ட்'. 2024-ல் வந்த 'விண்டர் லாஸ்ட்' பதினாலாவது புத்தகம். பதினாலையும் நான் படிக்கலை. ஆணி அதிகம். ரெண்டாவதை மட்டும் மூணு தடவை படிச்சேன்.

மெர்சி மனுஷ உருவத்திலிருந்து கயோட்டியா மாறுவாள். கயோட்டின்னா நரிக்கு அண்ணன், ஓநாய்க்கு ஒண்ணு விட்ட தம்பின்னு வெச்சுக்கோங்க. வட அமெரிக்கா பூரா திரியுற மிருகம். சுமார் 15 கிலோ இருக்கும், நம்ம தெரு நாய் சைஸ்தான். மெர்சியோட அப்பா பிளாக்ஃபீட் பழங்குடி, காளை மேல ஏறி ரோடியோ பண்றவர். இவ பொறக்குறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். அம்மா வெள்ளைக்காரப் பொண்ணு. தொட்டில்ல கிடந்த குழந்தை திடீர்னு கயோட்டிக் குட்டியா மாறினா பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க? மொன்டானா மாநிலத்துல ஓநாய் மனுஷங்க கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்ககிட்ட குடுத்து வளர்க்கச் சொல்லிட்டாங்க. ஆக, நூறு கிலோவுக்கு மேல இருக்கிற ஓநாய்களுக்கு நடுவுல வளர்ந்த 15 கிலோ ஜந்து இவ. வேகமா ஓடுவா, மூக்கு நல்லா வேலை செய்யும், அவ்ளோதான். ஓநாய்கள் மாதிரி பலமும் கிடையாது, காயம் சட்டுனு ஆறவும் ஆறாது.

காலேஜ்ல வரலாறு படிச்சவ, வேலை மெக்கானிக் ஷெட்ல. இங்கேதான் நான் விழுந்தேன். ஏன்னா நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், வேலை பொட்டி தட்டுறது. எங்க வகுப்புல அறுபத்தி சொச்சம் பேர், அதுல பொண்ணுங்க மூணே பேர். கேம்பஸ்ல வந்த ஒரு தொழிற்சாலைக்காரங்க "ஷாப் ஃப்ளோர் வேலைம்மா, நைட் ஷிஃப்ட் இருக்கும், உங்களுக்கு சரிப்படாது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் வந்த சாஃப்ட்வேர் கம்பெனி மூணு பேரையும் எடுத்துக்கிச்சு. அதுல சேர்ந்து இன்னிக்கு வரைக்கும் மாசத்துக்கு ஒரு வாரம் ராத்திரி முழிக்கிறேன். நைட் ஷிஃப்ட் சரிப்படாதாம்ல!

சரி, கதைக்கு வருவோம். முழுக் கதையையும் சொல்லப் போறேன், முடிவு உட்பட. படிக்கணும்னு ஆசை இருக்கிறவங்க இங்கேயே எஸ்கேப் ஆகிக்கலாம்.

ஊரைப் பத்தி முதல்ல. வாஷிங்டன் மாநிலம்னா எல்லாருக்கும் 'ட்விலைட்'தான் ஞாபகம் வரும். 2005-ல் வந்த அந்தக் கதை நடக்கிற ஃபோர்க்ஸ், மாநிலத்தோட மேற்கு ஓரம். வருஷத்துக்கு சுமார் 300 செ.மீ. மழை. எப்பவும் மேகமூட்டம், அதனால ரத்தக்காட்டேரிங்க குடியிருக்க வசதின்னு ஒரு லாஜிக். பிரிக்ஸ் நேர் எதிர்ப்பக்கம் போறாங்க. மலைக்குக் கிழக்கே, கொலம்பியா ஆத்தங்கரையில இருக்கிற கென்னவிக், பாஸ்கோ, ரிச்லாண்ட். மூணும் சேர்ந்து ட்ரை சிட்டீஸ். மழை மொத்தமே சுமார் 20 செ.மீ. கோடையில நம்ம வேலூர் மாதிரி கொளுத்தும். காட்டேரிக்கு இதைவிட மொக்கையான ஊர் கிடையாது, அங்கே கொண்டு போய் ஒரு கூட்டத்தையே குடி வெச்சிருக்காங்க. ஏன்னா அந்தக் காட்டேரித் தலைவி மார்ஸிலியா இத்தாலியிலேருந்து நாடு கடத்தப்பட்டவ. தண்டனைன்னா இந்த மாதிரி ஊர்தானே குடுப்பாங்க.

நான் இருக்கிறது சியாட்டில் பக்கம். ஒரு நீண்ட வார இறுதியில காரை எடுத்துக்கிட்டு அங்கே போனேன், மூணரை மணி நேரம். ஸ்னோக்வால்மி கணவாயைத் தாண்டி கொஞ்ச தூரத்துல பச்சை மொத்தமா மறைஞ்சுடும். அப்புறம் பூரா பழுப்பு மேடு. நடுவுல நீலமா ஆறு. பார்த்ததும் எனக்கு மெர்சி ஞாபகம் வரலை, ஹான்ஃபோர்ட்தான் வந்தது. நாகசாகி மேல 1945-ல் போட்ட குண்டுக்குப் புளுட்டோனியம் தயாரான இடம் ரிச்லாண்டுக்குப் பக்கத்துல. ஊர் ஹைஸ்கூல் அணிக்குப் பேரே 'பாம்பர்ஸ்', சின்னம் காளான் மேகம்! 1949 டிசம்பர்ல அந்த வளாகத்துலேருந்து கதிரியக்க அயோடினை வேணும்னே காத்துல திறந்து விட்டாங்க. சோதனையாம். காத்து வீசின பக்கம் இருந்த விவசாயிகளுக்கு யாரும் சொல்லலை. 1986-ல் அரசாங்கம் சுமார் 19,000 பக்க ஆவணத்தை வெளியிட்டப்பதான் வெளியே தெரிஞ்சுது. முப்பத்தாறு வருஷம் கழிச்சு. கதையில பிரிக்ஸ் இதைப் பெருசா தொடலை. ஆனா உண்மையைத் தெரிஞ்சவங்க கொஞ்ச பேர் மேல உட்கார்ந்திருக்க, ஊர் பாட்டுக்குத் தூங்குற ஒரு கதைக்கு இந்த இடம் ரொம்பவே பொருந்துது.

ஒரு நடுராத்திரி மெர்சிக்கு போன் வருது. ஸ்டெஃபான், அவளோட காட்டேரி நண்பன். தன் ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு ஸ்கூபி டூ கார்ட்டூன்ல வர்ற மாதிரி பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கிற அல்டாப்பு ஆசாமி. முதல் புத்தகத்துல அவன் பண்ணின ஒரு உதவிக்கு மெர்சி கடன்பட்டிருக்கா. "கயோட்டியா மாறி என்கூட வா, ஊருக்குப் புதுசா வந்திருக்கிற ஒரு காட்டேரியைப் பார்க்கணும்"ங்கிறான். கழுத்துல பட்டை, கையில சங்கிலி, நாய் வேஷம். ஏன் இவளைக் கூப்பிடணும்? காட்டேரிங்களோட மனசு மயக்குற வித்தை இவ இனத்துகிட்ட சரியா பலிக்காது. சண்டைக்கு ஆள் வேணும்னு அவன் கூப்பிடலை. சாட்சிக்குத்தான் கூப்பிட்டான்.

ஹோட்டல் அறையில இருக்கிறவன் கோரி லிட்டில்டன். காட்டேரி மட்டும் இல்லை, உள்ளே ஒரு பிசாசும் குடியிருக்கு. ஹோட்டல்ல வேலை செய்யுற ஒரு பொண்ணை மெர்சி கண்ணு முன்னாடியே சித்திரவதை பண்ணிக் கொல்றான். ஸ்டெஃபான் சிலை மாதிரி நிக்கிறான். அப்புறம்தான் விஷயமே. ஸ்டெஃபானோட ஞாபகத்தை லிட்டில்டன் மாத்தி எழுதிடறான். முழிச்சுப் பார்க்கும்போது ஸ்டெஃபான் மனசுல இருக்கிறது, அந்தப் பொண்ணைக் கொன்னது தான்தான்னு. தெள்ளத் தெளிவா, கை ஈரம் உட்பட ஞாபகம் இருக்கு. நூத்துக்கணக்கான வருஷம் வாழ்ந்தவன் தன் தலைக்குள்ள இருக்கிறதையே நம்ப முடியாம, பக்கத்துல நிக்கிற 15 கிலோ ஜந்துகிட்ட "என்ன நடந்துச்சு?"ன்னு கேட்க வேண்டிய நிலைமை.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க காலேஜ் ஜூனியர் ஒருத்தன் எங்க டீம்லயே கான்ட்ராக்டர். வேற ஒரு கம்பெனி மூலமா வந்தவன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு பேரும் ரிலீஸ் வேலை பார்த்துக்கிட்டிருந்தோம். அவன் ஸ்கிரீனை ஷேர் பண்ணியிருந்தான். பழைய தரவைச் சுத்தம் பண்ற ஸ்கிரிப்டைச் சோதனை சர்வர்ல ஓட்டினான், நான் பார்த்தேன். காலையில பார்த்தா நிஜமான வாடிக்கையாளர் தரவுல ஒரு பெரிய துண்டைக் காணோம். பேக்கப்லேருந்து மீட்க ரெண்டு நாள் ஆச்சு.

திங்கட்கிழமை விசாரணை மீட்டிங். டேமேஜர் ஒரு டைம்லைன் போட்டுக் காட்டினார். 1:40-க்கு ஸ்கிரிப்ட் ஓட்டப்பட்டது, 1:52-க்குத் தரவு போயாச்சு. யாரும் பொய் சொல்லலை, கவனிங்க. ரெண்டு பெட்டியை வரைஞ்சு நடுவுல ஒரு அம்புக்குறி, அவ்ளோதான். "நீ எந்த விண்டோல ஓட்டினே?"ன்னு ஒருத்தர் கேட்டார். "ரெண்டு விண்டோவும் திறந்திருந்துச்சா?"ன்னு இன்னொருத்தர். "பதினாறு மணி நேரமா முழிச்சிருந்தியே?"ன்னு ரொம்ப பரிவா மூணாவது ஆள். நாலாவது கேள்வியில நம்ம ஆளு, "நான்தான் மாத்தி ஓட்டிட்டேன் போல இருக்கு"ன்னுட்டான். மீட்டிங் முடிஞ்சு காபி மெஷின் பக்கத்துல நிக்கும்போது என்கிட்டே சொன்னான்: "அக்கா, அந்தச் சிவப்பு பார்டர் போட்ட விண்டோல நான் டைப் பண்ணினது எனக்கு இப்ப ஞாபகம் வருதுக்கா."

எனக்கு முதுகுத்தண்டு சில்லுனு ஆச்சு. ஏன்னா அவன் டைப் பண்ணினதை நான் பார்த்தேன். சிவப்பு பார்டரே கிடையாது.

ஞாபகத்தை மாத்தி எழுதக் காட்டேரி எல்லாம் வேணாம். எலிசபெத் லாஃப்டஸ்னு ஒரு உளவியல் பேராசிரியை, இதே சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பல வருஷம் இருந்தவங்க. 1974-ல் ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டிட்டு, சிலர்கிட்ட கார்கள் "இடிச்சப்ப" என்ன வேகம்னும், சிலர்கிட்ட "மோதி நொறுங்கினப்ப" என்ன வேகம்னும் கேட்டாங்க. நொறுங்கினதுன்னு கேட்டா வேகம் கூடுது. ஒரு வாரம் கழிச்சு, படத்துல இல்லவே இல்லாத உடைஞ்ச கண்ணாடியைப் பார்த்ததா சொன்னவங்களும் அந்தக் கூட்டத்துலதான் அதிகம். 1995-ல் இன்னொரு ஆய்வு. 24 பேர்கிட்ட, அவங்க வீட்டாள் சொன்னதா மூணு நிஜ சம்பவத்தோட ஒரு பொய் சம்பவத்தையும் கலந்து கொடுத்தாங்க, சின்ன வயசுல கடைவீதியில தொலைஞ்சு போனதா. ஆறு பேர் அந்தப் பொய்யை அரைகுறையாவோ முழுசாவோ 'ஞாபகம்' வெச்சுக்கிட்டாங்க. நாலுல ஒண்ணு. நாலு பரிவான கேள்வியில சிவப்பு பார்டர் வந்தது ஆச்சரியமே இல்லை.

நாவல்ல ஸ்டெஃபானைக் காட்டேரிக் கோர்ட்ல நிறுத்துறாங்க. சாட்சி மெர்சி. கைப்பிடியில பித்தளை முள்ளு வெச்ச நாற்காலி, அதுல கையை அழுத்தி ரத்தம் வரணும். அப்பதான் சொல்றது உண்மையா பொய்யான்னு தெரியுமாம். இவளை வெறுக்கிற கூட்டத்துக்கு நடுவுல, ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிச்சுத்தான் கையை வைக்கிறா. அந்த அத்தியாயத்தை நான் முதல் தடவை சாதாரணமா படிச்சுட்டுப் போயிட்டேன். ரெண்டாவது தடவை, அந்தத் திங்கட்கிழமை ராத்திரி படிச்சேன்.

செவ்வாய்க்கிழமை லாக் எல்லாத்தையும் தோண்டினேன். ஸ்கிரிப்ட் ரெண்டு தடவை ஓடியிருக்கு. 1:40-க்கு நம்ம ஆளு சோதனை சர்வர்ல. 1:52-க்குத் தானா ஓடுற ஷெட்யூலர். அதோட கட்டமைப்பு ஃபைலை முந்தின நாள் மாத்தியிருக்காங்க. மாத்தினதை ஓகே பண்ணினது, டைம்லைன் போட்டுக் காட்டின அதே ஆள். புதன்கிழமை மீட்டிங்கைத் திரும்பக் கூட்டச் சொல்லி எல்லார் முன்னாடியும் லாகைக் காட்டினேன். முள்ளு நாற்காலி எல்லாம் இல்லை. ஆனா அந்த அறையில அஞ்சு நிமிஷம் யாரும் என் முகத்தைப் பார்க்கலை, அதுவே போதுமா இருந்துச்சு. ஜூனியர் பையன் மட்டும் திரையையே பார்த்துக்கிட்டிருந்தான். "அப்போ அந்தச் சிவப்பு பார்டர்?"னு மெதுவா கேட்டான். அது அவன் மனசுலேருந்து போக நாளாச்சு.

இனி வேட்டை. ஸ்டெஃபானைக் காணோம். வாரனும் பென்னும், ரெண்டு ஓநாய்கள், குற்றுயிரா திரும்பி வர்றாங்க. ஆடம், சாமுவேல்னு மெர்சியைச் சுத்திச் சுத்தி வர்ற ரெண்டு பெரிய ஓநாய்கள் "நீ வீட்டுல இரு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க, அவங்களும் காணாமப் போறாங்க. (இந்த முக்கோணக் காதல்தான் புத்தகத்தோட பெரிய தொல்லை. நடுவுல அறுபது பக்கத்தைக் கத்தரிச்சிருக்கலாம். அட்டைப் படமும் அப்படித்தான், கை பூரா பச்சை குத்தின பொண்ணு. கதையில மெர்சிக்கு இருக்கிறது தொப்புளுக்குக் கீழே ஒரே ஒரு பாதச் சுவடு.) பிசாசு பக்கத்துல இருந்தா கோபமும் வெறியும் ஏறும். பலசாலி ஓநாய் எவ்ளோ கோவக்காரனோ அவ்ளோ ஆபத்து. அங்கே போய் நிதானமா நிக்கக் கூடியது இந்த 15 கிலோதான். பலம் இல்லாததே தகுதி ஆகுற இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

இன்னொரு விஷயமும் இங்கேதான் தெரியவருது. மெர்சி இனத்துக்காரங்களால ஆவிகளைப் பார்க்க முடியும். காட்டேரி தூங்குற இடத்தைச் சுத்தி, செத்தவங்க ஆவி கூடி நிக்கும். ஆக, பகல்ல படுத்திருக்கிற காட்டேரியைக் கண்டுபிடிக்க இவங்களைவிட ஆள் கிடையாது. அதனாலதான் ஐரோப்பாவுலேருந்து வந்த காட்டேரிங்க இந்த இனத்தை முதல் வேலையா வேட்டையாடித் தீர்த்தாங்க. மிச்சம் இருக்கிற ஒருத்தியை இப்ப மார்ஸிலியாவே வேட்டைக்கு அனுப்புறா! ஆவிகளோட வாக்குமூலத்தை வெச்சு வேட்டை. மறுபடியும் சாட்சி சமாச்சாரம்தான் பாருங்க. தள்ளுவண்டியில மூட்டை முடிச்சோட தினமும் ஷெட்டுப் பக்கம் வந்து பேசிட்டுப் போற ஒரு வீடில்லாத பாட்டியம்மா, செத்த பிறகும் அதே நேரத்துக்கு வர்றாங்க. அந்தப் பக்கங்கள்ல எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

லிட்டில்டனை மெர்சி கொன்னுடறா. சாகசம் எல்லாம் இல்லை. பயத்துல நடுங்கி, அடி வாங்கி, எப்படியோ. படம்னா இங்கே சுபம் போட்டிருப்பாங்க. பிரிக்ஸ் போடலை. லிட்டில்டன் தானா வந்தவன் இல்லை, அவனை உருவாக்கினது மார்ஸிலியா கூட்டத்துலயே இருக்கிற ஆந்த்ரே. தலைவிக்குப் பழைய அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்க ஒரு ஆயுதம் வேணும்னு செஞ்சது. விஷயம் தெரிஞ்சதும் மார்ஸிலியா என்ன பண்றா? ஒண்ணும் பண்ணலை. அவன் பிரயோஜனமான ஆள், விட்டுட்டா. ஊர்ல அத்தனை பேர் செத்ததுக்கு விசாரணை லிட்டில்டனோட முடிஞ்சுது.

எங்க அறிக்கையும் அப்படித்தான் முடிஞ்சுது. ஜூனியர் பேரை எடுத்துட்டாங்க. பதிலா "செயல்முறையில் இடைவெளி"ன்னு ஒரு வரி. இடைவெளிக்குக் கை கால் உண்டா, அது ஃபைலை ஓகே பண்ணுமான்னு கேட்டேன். "எல்லாரும் ஒரே டீம்தானேம்மா"ன்னாங்க. அந்த வருஷமே டேமேஜருக்கு ப்ரமோஷன். பையனோட கான்ட்ராக்ட் முடிஞ்சப்ப நீட்டிக்கலை. அவனை அனுப்பின கம்பெனியும் ஒரு மாசத்துல கை விரிச்சிடுச்சு. ஹெச்1பி விசாவுல இருக்கிறவனுக்கு வேலை போனா அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள இன்னொரு கம்பெனி மனு போடணும், இல்லைன்னா பொட்டியைக் கட்டணும்.

கடைசி அத்தியாயத்துல மெர்சி தனியா கிளம்புறா. பட்டப்பகல். ஆந்த்ரே வீட்டைக் கண்டுபிடிச்சு, தூங்கிக்கிட்டிருக்கிறவனைக் கொல்றா. யாரும் அனுப்பலை, கோர்ட் இல்லை, சாட்சி இல்லை. இதுவரைக்கும் அடுத்தவனுக்காகச் சாட்சி சொன்னவ, தனக்குச் சாட்சியே இல்லாத ஒரு காரியத்தைப் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவுறா. முதல் தடவை படிச்சப்ப விசில் அடிக்கலாம்னு இருந்துச்சு. மூணாவது தடவை, பையனோட 60 நாள் ஓடிக்கிட்டிருந்தப்ப படிச்சேன். விசில் வரலை. அவன் விழிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பான்னு கேட்காமலே முடிச்சுட்டாளேன்னு ஒரு பக்கம். கேட்க வேண்டியவங்க கேட்டும்தானே விட்டாங்கன்னு இன்னொரு பக்கம். எனக்கு இன்னும் முடிவு தெரியலை. ஆனா ஒண்ணு, அவ செஞ்சது சரின்னு பிரிக்ஸ் எங்கேயும் முத்திரை குத்தலை. அந்த நேர்மைக்காகவே இந்தப் புத்தகம் முதல் பாகத்தைவிட ஒரு படி மேல.

என்கிட்ட மரக்கட்டையும் கத்தியும் கிடையாது. ரெண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அந்த ராத்திரி என்ன நடந்துச்சு, நான் என்ன பார்த்தேன், லாக்ல என்ன இருக்கு, எல்லாம் தேதி, நேரத்தோட. என் பேரும் கையெழுத்தும் போட்டு, அவனை இன்டர்வியூ எடுக்கிற எந்தக் கம்பெனி கேட்டாலும் நான் பேசத் தயார்னு சொல்லி அவனுக்கு அனுப்பினேன். மூணு கம்பெனியிலேருந்து போன் வந்துச்சு. மூணு பேர்கிட்டயும் ஒரே மாதிரி சொன்னேன். மூணாவது இடத்துல மனு போடறதா ஒத்துக்கிட்டாங்க, 54-வது நாள்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் அலமாரியிலேருந்து 'பிளட் பவுண்ட்'டை உருவிக்கிட்டுப் போனான். நாலு நாள் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

"அக்கா, ஆந்த்ரேவைக் கொன்னது அந்த மார்ஸிலியாவுக்குத் தெரிஞ்சுடுமா?"

"தெரியும்டா. நாலாவது புத்தகம். ஆரம்பத்துலயே ஸ்டெஃபானைக் குத்துயிரும் கொலையுயிருமா கொண்டு வந்து மெர்சி வீட்டு ஹால்ல போட்டுட்டுப் போவா."

"ஐயோ. அவன் என்னக்கா பண்ணினான்?"

"மெர்சிக்கு நண்பன், அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்க ஆபீஸ்ல எல்லாம் எப்படிக்கா போகுது?"ன்னு கேட்டான்.